அடைப்பு வாடகை

வாடகையை ஏற்றப்போவதாகச் சொல்ல சென்னியப்பன் வந்த காலையில், ஜெரால்ட் ஒரே ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். தட்டு எப்போதோ சுத்தமாகியிருந்தது. தண்ணீர் மட்டும் அதன்மேல் விழுந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரர் எட்டிக் குழாயை மூடிவிட்டு வந்த சேதியைச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து வாடகை ஒன்றரை மடங்கு.

ஜெரால்ட் "ம்" என்றான்.

மனைவி இறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு "ம்"தான் இருந்தது. சாப்பிட்டாயா என்று சேலத்திலிருந்து அக்கா ஹெலன் போனில் கேட்டாலும் அதே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாயா என்று கேட்டாலும் அதே. அதற்கு முன்பும் அவன் ஒன்றும் வாயாடி அல்ல. வேதியியல் படித்துவிட்டு நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தான். லாரியில் வரும் மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "இறக்குங்க" அல்லது "திருப்புங்க." இந்த இரண்டில் ஒன்றுதான் அவன் வாயிலிருந்து வரும். திருப்புங்க என்றுவிட்டால் டிரைவர் கெஞ்சினாலும் சரி, ஏற்றியனுப்பிய வியாபாரியே காரில் வந்து இறங்கினாலும் சரி, இன்னொரு சொல் வராது. லோடு கொண்டுவருகிறவர்கள் அவனை 'ஒத்தச்சொல் சார்' என்றார்கள்.

பேச்செல்லாம் ஜெனிட்டாவினுடையது. சேந்தமங்கலம் சாலையில் இந்த வீட்டைப் பார்த்துப் பேசி முடித்ததும் அவள்தான். சென்னியப்பன் குடும்பம் முன்வீட்டில். பின்னால் வரிசையாக இரண்டு வாடகை வீடுகள். மூன்று வருஷத்துக்கு வாடகை ஏறக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதிப் பதிவும் செய்தே ஆகவேண்டும் என்று அவள் நின்றபோது, "ஏனுங்க அம்மிணி, எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று சிரித்தார் பெரியவர். "உங்க மேல இருக்குதுங்க. விலைவாசி மேலதான் இல்லை" என்றாள். பதிவு நடந்தது. அது முந்தின வருஷத்துக் கதை.

இந்த மாசி மாதம் ஒரு காலையில் துவைக்கிற கல்லருகே அவள் விழுந்தாள். முதலில் பார்த்துக் கத்தியது சென்னியப்பனின் மருமகள் சௌந்தர்யா. பெரியவர் ஒரு நொடி யோசிக்கவில்லை. பொங்கலுக்கு வாங்கிய புதுக் காரை, சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத காரை, பின்வாசல்வரை கொண்டுவந்தார். அவரும் ஜெரால்டும் சேர்ந்து அவளைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். ஜெரால்ட் மடியில் அவள் தலை. முன்சீட்டிலிருந்து சௌந்தர்யா திரும்பிப் பார்த்தபடியே வந்தாள். ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் பெரியவர் ஓட்டினார். ஆஸ்பத்திரியில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கும், கொண்டுவரும்போதே உயிரில்லை என்றார்கள். மறுநாள் சேலத்தில் அடக்கம். சென்னியப்பன் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து, கல்லறை மதிலோரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இதையெல்லாம் ஜெரால்ட் மறந்தவன் அல்ல. அதனால்தான் வாடகைக்கும் "ம்" என்றான். போர்வெல் வற்றிவிட்டது, வீட்டுவரி கூடிவிட்டது, கோழிக்கு விலையில்லை என்று எதைச் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பான். அவனுக்கு வேறு செலவு என்ன இருக்கிறது?

பெரியவர் காரணம் சொன்னார். அங்கேதான் காரியம் கெட்டது.

ஜெனிட்டா இறந்த நட்சத்திரம் அவிட்டம். ஜோசியரிடம் கேட்டாயிற்று. அவிட்டத்தில் உயிர் பிரிந்தால் பிரிந்த வீட்டுக்கு அடைப்பு. ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும், ஆள் புழங்கக்கூடாது. ஆனால் மனைவியைப் பறிகொடுத்தவனை வெளியே போ என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. ஆகவே அவன் இருக்கிறவரை இருக்கட்டும், போன பிறகு பரிகாரம் செய்து ஆறு மாதம் பூட்டிக்கொள்ளலாம். அந்த நஷ்டத்தையும் பரிகாரச் செலவையும் இப்போதே பிரித்து வாடகையில் சேர்த்துவிட்டார். சொல்லி முடித்தபோது, பெரிய உபகாரம் செய்துவிட்ட களை அவர் முகத்தில் இருந்தது.

ஜெரால்ட் தட்டைக் கீழே வைத்தான். "நாங்க வேதக்காரங்க. நட்சத்திரம் பார்க்கறதில்லைங்க" என்றான். பல வாரங்களில் அவன் பேசிய முழு வாக்கியம் அதுதான்.

"செத்தது உங்க ஆளு தம்பி. ஊடு எங்க ஊடு."

பெரியவர், யாரும் கேட்காமலே, இன்னொன்றையும் சொன்னார். "தூக்கறப்பவே உசுரு இல்லீங்க. என்ற கையாலதான தூக்கினேன், எனக்குத் தெரியாதுங்களா?" சொல்லும்போது அவர் பார்வை ஜெரால்டின் மேல் இல்லை. மூடின குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரமாட்டேன்" என்றான் ஜெரால்ட்.

திருப்புங்க என்று சொல்கிற அதே குரல். சென்னியப்பனுக்கு அந்தக் குரல் பழக்கமில்லை. வெசனத்தில் பேசுகிறான், ஆறட்டும் என்று திரும்பிப் போனார்.

ஆனால் ஜெரால்டுக்கு ஆறவில்லை. மாசியிலிருந்து மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று சூடு பிடித்தது. அவள் செத்ததற்கு மாதாமாதம் அபராதம் கட்ட வேண்டுமாம். கட்டினால், அவள் சாவு இந்த வீட்டுக்கு ஒரு கறை என்று ஒவ்வொரு மாதமும் அவனே ஒப்புக்கொண்ட மாதிரி. வீடு போனால் போகட்டும். இந்தக் காசை மட்டும் கொடுப்பதில்லை என்று அவன் முடிவு செய்தான்.

மாதம் பிறந்ததும் பழைய வாடகையைப் போனிலேயே அனுப்பினான். பெரியவரின் கணக்கைப் பார்த்துக்கொள்வது சௌந்தர்யா. மாமனார் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவள் அதைத் திருப்பி அனுப்பினாள். அவன் மறுபடி அனுப்பினான். மறுபடி வந்தது. மூன்றாம் தரம் திரும்பி வந்தபோது கூடவே இரண்டு கை கூப்பிய படம் ஒன்றும் வந்தது. அது மாமனாருக்குத் தெரியாமல் அவள் சேர்த்தது.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் குழாயில் தண்ணீர் நின்றது. மாடியில் ஒரே தொட்டிதான். அங்கிருந்து ஜெரால்ட் வீட்டுக்கு இறங்கும் பைப்பின் வால்வை மட்டும் யாரோ திருகி, கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. கைப்பிடி சென்னியப்பனின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு தெரிந்தது.

பக்கத்து வாடகை வீட்டுச் செல்லாயி, டேங்கர் லாரி டிரைவரின் மனைவி, தன் வீட்டுக் குழாயிலிருந்து மதில்மேல் ஓஸ் போட்டு அவனுக்கு ஒரு டிரம் பிடித்துவிட்டாள். பெரியவர் அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். செல்லாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னாள். "தண்ணி கேட்டா மோரு குடுக்கற ஊருங்க இது. என்னையத் தண்ணியே குடுக்காதங்கறீங்க. இத எந்த ஜோசியனுங்க சொன்னான்?" ஆனால் அவள் கணவர் ஊருக்குத் திரும்பியதும், நமக்கெதற்கு வம்பு என்று ஓஸைச் சுருட்டி வைத்துவிட்டார். அதன் பிறகு ஜெரால்ட் ஆலையில் குளித்தான். வரும்போது வண்டியில் இரண்டு கேன் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தான். வீட்டுக் குழாயைத் திறந்தபடியே விட்டிருந்தான். மூடி என்ன ஆகப்போகிறது?

ஹெலன் போனில் கோபப்பட்டாள். மாடி அறை காலியாகத்தானே கிடக்கிறது, மூட்டையைக் கட்டிக்கொண்டு சேலத்துக்கு வா, செத்தவள் வீட்டில் உட்கார்ந்து யாரோடு மல்லுக்கட்டுகிறாய் என்றாள். அவன் "வரலை" என்றான். ஹெலன், அவன் "ம்" சொல்லாததைக் கவனித்தவள்போல, சரி, ஒழுங்காகச் சாப்பிடு என்று வைத்தாள்.

மறுநாள் ஆலையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனான். வாடகைத் தகராறுகளை விசாரிக்கிற அதிகாரி அங்கேதான். மனுவை வாங்கிய சாரதாமணி என்கிற எழுத்தர் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை. முன்பக்கத்தில் ஐந்தே வரி. வாடகை மூன்று வருஷத்துக்கு ஏறாதென்று ஒப்பந்தம். இரண்டாம் வருஷமே ஏற்றினார். மறுத்தேன். தண்ணீரை நிறுத்தினார். சரிசெய்யக் கேட்கிறேன்.

"இவ்வளவுதானுங்களா? மத்தவங்க நாலு பக்கம் எழுதி அழுவாங்க. எதுக்கு ஏத்தினாருன்னு காரணம் எழுதலையே?"

"அதை அவர் சொல்லட்டும்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள். வீட்டுக்காரர் வாங்க மறுக்கிற வாடகையை அதிகாரியிடமே கட்டிவைக்க வழி இருக்கிறது, கட்டாமல் விட்டுவிட்டால் நாளைக்குத் தப்பு உங்கள் பேரில் திரும்பும் என்றும் சொன்னாள். அவள் சொன்ன வழியில் கட்டிவைத்தான்.

நோட்டீஸ் போனதும் முன்வீட்டில் பெரிய சத்தம் கேட்டது. தன் வீட்டு விவகாரத்துக்குத் தன்னையே ஆபீசு வாசலில் நிறுத்துவதா என்று சென்னியப்பன் முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினவனுக்கு இதுதான் மரியாதையா என்று ஊர் கேட்கக் கேட்டார். அந்தக் கேள்வி ஜெரால்டைத் தைக்காமலில்லை. அன்று அந்தக் கார் மட்டும் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிவரைகூடப் போயிருக்க முடியாது. ஆனால் அந்த நன்றிக்குக் கொடுக்க வேண்டியது வேறு எதுவாகவும் இருக்கலாம், இதுவாக இருக்க முடியாது.

விசாரணைக்கு முந்தின மத்தியானம், பெரியவர் கோழிப்பண்ணைக்குப் போன நேரம் பார்த்து, சௌந்தர்யா ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். குடத்தை வாசற்படியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். உள்ளே திருஇருதயப் படத்தின்கீழ் ஜெனிட்டாவின் படம் இருந்தது. அதைப் பார்க்காமல் பேசத் தெரியாதவள்போல அதையே பார்த்தாள்.

"ஏனுங்ணா, ஒண்ணு சொல்றன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னா மாமா நாளைக்கே வாடகையப் பழையபடி ஆக்கிருவாரு."

அவன் நிமிர்ந்தான்.

"அக்கா ஊட்டுல போகலீங்க. கார்லதான் போனாங்க. பாலத்து மேல ஏறறப்ப. நான் திரும்பிப் பாத்துட்டே இருந்தனுங்க. உங்க வெரலப் புடிச்சிருந்த கை…" அவள் நிறுத்தினாள். "மாமாவும் கண்ணாடில பாத்தாரு. ஆனா புதுக் காருங்ணா. காருல உசுரு போச்சுன்னா அதை வெச்சிருக்கக் கூடாதும்பாங்க, வந்த வெலைக்குத் தள்ளோணும். அதான் ஊட்டுலயே போயிருச்சுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லீட்டு இருக்காரு. ஆபீசருகிட்ட நீங்க 'கார்ல'ன்னு சொல்லுங்க. இல்ல, சொல்லீருவேன்னு மாமாகிட்டச் சொன்னாக்கூடப் போதும். அடங்கிருவாரு."

அவனுக்குத் தெரியாததா? பாலத்தின் ஏற்றத்தில், எதிரே ஒரு மக்காச்சோள லாரி வழிவிட ஒதுங்கிய நேரத்தில், அவன் ஆள்காட்டி விரலைச் சுற்றியிருந்த பிடி தளர்ந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஹெலனிடம் சொல்லவில்லை. பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை. அவள் அவனுக்கென்று கடைசியாக விட்டுப்போனது அந்த ஒரு கணம்தான். அதைக் கொண்டுபோய் வாடகைப் பேரத்தில் வைக்க வேண்டுமாம். வீட்டிலா, காரிலா, வீடென்றால் இந்த விலை, காரென்றால் அந்த விலை.

"சொல்ல மாட்டேம்மா" என்றான்.

"ஏனுங்ணா? உண்மைதானுங்களே?"

"உண்மைதான். ஆனா அவருக்குக் கொடுக்கறதுக்கு இல்லை."

சௌந்தர்யாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குடத்தை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விசாரணை அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. மின்விசிறி சத்தத்துக்குமேல் குரலை உயர்த்தாமல் பேசினார். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, மூன்று வருஷம் ஏற்றமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே என்று சென்னியப்பனிடம் கேட்டார். ஆமாங்க என்றார் அவர். பிறகு எப்படி ஏற்றினீர்கள் என்று கேட்டதும், தயாராக வந்திருந்தவர் அடைப்புக் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். அவிட்டம், ஆறு மாதம், பரிகாரம், நஷ்டம்.

அதிகாரி பேனாவை மூடினார். "நானும் ராசிபுரத்துக்காரிதாங்க. அடைப்புன்னா வீட்டைப் பூட்டணும்னுதானே சொல்லுவாங்க? பூட்டுற வீட்டுக்கு வாடகையே கிடையாது. நீங்க ஏத்திக் கேக்கறீங்க."

அறையில் காத்திருந்த வேறு யாரோ சிரித்தார்கள். சென்னியப்பனின் காது சிவந்தது. "பூட்டாம உட்டதுக்குத்தானுங்க அம்மா கேக்கறன். சாமி சத்தியமாச் சொல்றன், அந்தப் புள்ளை ஊட்டுலதான் போச்சு. தூக்கறப்பவே இல்லீங்க. வேணும்னா அவரையே கேளுங்க, பக்கத்துலதான இருந்தாரு."

அதிகாரி ஜெரால்டைப் பார்த்தார். சென்னியப்பனும் பார்த்தார். இதைக் கேட்கச் சொன்னது தப்பு என்று அந்த நொடியிலேயே அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஒரு சொல். காரில். அவ்வளவுதான். நாமக்கல் முழுக்கத் தெரிந்த முகங்கள் உட்கார்ந்திருந்த அறை. சாயங்காலத்துக்குள் சேந்தமங்கலம் சாலை முழுக்கப் பரவிவிடும். பொய்ச் சத்தியம் செய்தவர் என்ற பெயரும் சேர்ந்து வரும்.

"சொல்ல விருப்பமில்லைங்க" என்றான் ஜெரால்ட்.

"தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?"

"தெரியும். சொல்ல மாட்டேன். என் மனைவி செத்ததுக்கும் வாடகைக்கும் சம்பந்தமில்லை. எங்க செத்திருந்தாலும் இல்லை. அதை மட்டும் எழுதிக்குங்க."

இத்தனை வாக்கியங்களை அவன் ஒருசேரப் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அதிகாரி ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு எழுதினார். ஒப்பந்தம் முடிகிறவரை பழைய வாடகைதான். தண்ணீரை நிறுத்தியது குற்றம். இன்றைக்கே திறந்துவிட வேண்டும், தவறினால் அபராதம். உத்தரவு தபாலில் வரும். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. ஜெரால்டின் வண்டி பஞ்சர். காலையில் பஸ்ஸில்தான் வந்திருந்தான். சென்னியப்பன் வேப்பமரத்தடியில் காரின் அருகே நின்றார். தோற்றுப்போன ஆத்திரம் முகத்தில் இருந்தாலும், அறையில் அவன் வாயை மூடிக்கொண்டதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்றும் அவருக்கு இருந்தது. அவர் அப்படிப்பட்ட ஆள்தான். பின்கதவைத் தாமே திறந்தார்.

"வாங்க தம்பி. ஒரே ஊட்டுக்குத்தான போறம். வெயிலு மண்டையப் பொளக்குது, ஏறுங்க."

பிளாஸ்டிக் உறை பிரித்தாயிற்று. சாம்பல்நிறச் சீட்டில் யாரோ ஒரு குஞ்சம் வைத்த மெத்தையைப் போட்டிருந்தார்கள். ஜெரால்ட் அதைப் பார்த்தான். உத்தரவு எழுதியாகிவிட்டது. இனி யாரும் அந்தக் கணத்தை எதற்கும் ஈடு வைக்க முடியாது.

"இந்தக் கார்ல நான் ஏறமாட்டேங்க" என்றான்.

சென்னியப்பனின் கை கதவிலேயே நின்றது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜெரால்ட் சாலையைக் கடந்து, சேந்தமங்கலம் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தான். திரும்பிப் பார்த்தபோதும் அவர் கதவை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.

பஸ் பாலத்தில் ஏறியபோது அவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மாசிக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் மூடிக்கொண்டவன். இன்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்தான். தண்டவாளம், அதன் பக்கத்தில் நிழலில் படுத்திருந்த இரண்டு ஆடுகள், தூரத்தில் கொல்லிமலை. வேறு ஒன்றுமில்லை. ஆள்காட்டி விரலைக் கம்பியைச் சுற்றி இறுக்கிக்கொண்டான்.

வீடு வந்து சேர்ந்தபோது கார் அவனுக்கு முன்னே வந்துவிட்டிருந்தது. சக்கரம்வரை தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சந்துக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. பின்வீட்டில், திறந்தபடியே விட்டிருந்த குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. குழாயடித் தொட்டி நிரம்பி, கழுவுகிற இடம் நிரம்பி, துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் முற்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. செல்லாயி மதில்மேல் முகவாயை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"திறந்து உட்டாரு சார், கைப்பிடிய மாட்டி அவரே" என்றாள். "முக்காமணி நேரமா ஓடுது. நானா மூடுவேன்?"

ஜெரால்ட் போனை எடுத்து அந்த மாத வாடகையை அனுப்பினான். பழைய வாடகை. திரையைப் பார்த்தபடி நின்றான். பணம் போயிற்று. திரும்பி வரவில்லை.

முன்வீட்டு மாடியிலிருந்து சென்னியப்பனின் குரல் வந்தது. ஆள் தெரியவில்லை.

"தண்ணி வீணாப் போவுதுங்க. கொஞ்சம் மூடுங்க சாமி."

"மூடறேன்" என்றான் ஜெரால்ட். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தில் கால் வைத்து, துவைக்கிற கல்லின்மேல் போய் உட்கார்ந்தான். தண்ணீர் கணுக்கால்வரை வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அது ஓடட்டும்.